கால் வீங்கினால் நெஞ்சைச் சோதியுங்கள்!

அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். பாலீஷ் பட்டறையில் தூசு பறக்கும். சுற்றுவட்டார நூற்பாலைகளிலோ பஞ்சுத் தூசு. இரண்டும் நுரையீரலுக்குப் பகை.

நுரையீரல் கெட்டால் இருமல் மட்டும்தான் வரும் என்று எண்ணாதீர்கள். நாள்பட்ட நோயில் இதயத்தின் வலப்பக்கம் திணறும், கால் வீங்கும். ரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்தால் உதடு நீலம் பூக்கும். உடல் மெலியும். நாமோ காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போகிறோம்!

விரலையும் பாருங்கள். இரு கைகளின் ஒரே விரலை நகத்தோடு நகம் ஒட்டிப் பிடியுங்கள். நக அடியில் சிறு சந்து தெரியவேண்டும். தெரியாவிட்டால் விரல் நுனி தடித்திருக்கலாம். சில நுரையீரல், இதய நோய்களின் அடையாளம் அது. தென்னாப்பிரிக்க டாக்டர் சாம்ரோத் தம் விரலிலேயே கண்டு, 1976-ல் எழுதிய சோதனை இது.

சந்து தெரிந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. டாக்டரிடம் போங்கள். என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்!