விதைப்பை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

சம்பா பட்டத்தில் என் சித்தப்பா பாவிய நெல் விதை பாதிதான் முளைத்தது. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். நாற்றங்கால் திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்து கிடந்தது. விதை வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பில்லு இருக்கா?" இல்லை. கடனுக்கு வாங்கிய விதை. துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பையில் தைத்திருந்த அட்டை வரப்போரச் சேற்றில் எங்கோ மிதிபட்டுப் போயிருந்தது. மறுபடி விதை வாங்கி, மறுபடி பாவி, பதினைந்து நாள் பின்தங்கி நட்டார். இளம்பயிராக இருக்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் அவருக்கு இடமிருந்தது. கையில் ஆதாரம்தான் இல்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் ஆராய்ச்சியில் பெரும்பங்கு, விதை வடிவில்தான் உழவர் கைக்கு வருகிறது. இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்து எழும் சுவர்ணா சப்-1 நெல் 2009-இல் இந்தியாவில் வெளியானது. நம் டெல்டாவில் சி.ஆர். 1009 சப்-1 என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இதே குணம் ஏற்றப்பட்ட ரகம்தான். 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கமலா', நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204-இலிருந்து வந்தது, ஏறக்குறைய இருபது நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும் என்கிறார்கள். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' எம்.டி.யு. 1010-இலிருந்து, உப்பு நிலத்தைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்டது.

நல்ல முயற்சிகள்தான். ஆனால் வெள்ளத்தைத் தாங்கும் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒடிசாவின் தாழ்நில உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்தில் இருந்த மரபணுவைத்தான் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு 2006-இல் வெளியிட்டார்கள். உழவர் காப்பாற்றித் தந்த விதைதான் ஆய்வகம் போய், அட்டை கட்டிய பையில் திரும்பி வருகிறது. அதனால் விதைமேல் உழவருக்கு உரிமை உண்டு என்று சொல்வது யாரிடமும் சலுகை கேட்பதாகாது.

அந்த உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் எழுத்தில் தந்திருக்கிறது. சட்டப்படி பதிவான ரகமாகவே இருந்தாலும், உங்கள் வயலில் விளைந்ததை விதையாக எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பெயர் அச்சிட்ட பையில் அடைத்து வணிக விதையாக மட்டும் விற்கக் கூடாது. பிரிவு 39 இதைச் சொல்கிறது. வீரிய ஒட்டு ரகங்களில் மட்டும் எடுத்து வைத்த விதை முதல் விளைச்சலைப் போல ஒரே சீராக வராது. அது பயிரின் இயல்பு, சட்டத்தின் தடையல்ல.

இந்தப் பிரிவின் மதிப்பு 2019-இல் குஜராத்தில் தெரிந்தது. தன் பெயரில் பதிவான சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சிறு விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் மே மாதம் வழக்கை விலக்கிக்கொண்டது. உழவர் உரிமைச் செயற்பாட்டாளர் கவிதா குருகந்தியின் மனுவை ஏற்று 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்துப் பதிவை உயிர்ப்பித்தது. பதிவு திரும்பினாலும் பிரிவு 39 அப்படியே இருக்கிறது. உங்களுக்கு இப்படி நோட்டீஸ் வந்தால் பயந்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ரகத்துக்கு உரிமைப் பதிவு இருப்பதே தெரியாமல் பயிரிட்ட உழவருக்குப் பிரிவு 42 தனிப் பாதுகாப்புத் தருகிறது.

மரபணுத் திருத்த ரகங்களில் இன்னொரு கவலையும் உண்டு. வேற்று மரபணு சேர்க்காத திருத்தங்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் அரசு விலக்கு அளித்துவிட்டது. திருத்தப் பயன்படும் கிரிஸ்பர் தொழில்நுட்பத்தின் முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டாரிடம் இருக்கின்றன. இந்த விதையை உழவர் எடுத்து வைக்க எந்தக் காப்புரிமையும் தடையாகாது என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும். இன்ன வகை விதை என்பதை அட்டையிலும் சொல்ல வேண்டும். இரண்டுமே நியாயமான கோரிக்கைகள்.

இனி, விதை ஏமாற்றினால் என்ன செய்வது? 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு மூட்டை விதையின் விலைகூட வராத அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்? உழவருக்கு உண்மையில் கைகொடுப்பது நுகர்வோர் சட்டம். தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் நடத்திய வழக்கில், விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதையை ஆய்வகத்துக்கு ஏன் அனுப்பவில்லை என்று கழகம் வாதாடியது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவதுதான் உழவரின் வழக்கம், பரிசோதனைக்கென்று மீதி வைப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

இருந்தாலும், வைத்துக்கொண்டால் உங்கள் கை ஓங்கும். விதைப்பதற்கு முன் ஒரு பிடி விதையை அதே பையில் முடிந்து, அட்டையோடு பரணில் போடுங்கள். நீல அட்டை என்றால் சான்று விதை, வெள்ளை என்றால் ஆதார விதை, இளம்பச்சை என்றால் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதை. அட்டையில் குவியல் எண், முளைப்புத்திறன், காலாவதி நாள் மூன்றையும் படியுங்கள். முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடனுக்கு வாங்கினாலும் ரகம், குவியல் எண், விலை எழுதிய பில் கேளுங்கள். பாவுவதற்கு ஒரு வாரம் முன்பே நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால், முளைத்ததை எண்ணி நீங்களே தரம் பார்த்துவிடலாம். என் சித்தப்பா இப்போது இதைச் செய்யாமல் நாற்றங்காலில் இறங்குவதே இல்லை.

முளைக்கவில்லை, பொய்த்தது என்றால் அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். அந்த வயல்தான் உங்கள் சாட்சி. படம் எடுத்து வையுங்கள். வட்டார வேளாண் உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அதிகாரிகள் வயலுக்கு வந்து ஆய்வு செய்து தரும் அறிக்கையின் நகல் மிக முக்கியம். தண்ணீரா, பூச்சியா, விதையா எது காரணம் என்பதை அதுதான் பிரித்துச் சொல்லும். அதே குவியல் எண்ணில் வாங்கிய மற்றவர்களையும் தேடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கொடுத்த புகாரை ஒதுக்குவது கடினம்.

பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. விதை விலையோடு நின்றுவிடாமல் இழந்த விளைச்சல், செலவான உரம், கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கேளுங்கள். பதிவான ரகம், சொன்னபடி விளையவில்லை என்றால் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையத்திடமும் நஷ்டஈடு கேட்க உழவர் உரிமைச் சட்டத்தின் பிரிவு 39 இடமளிக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915. வேளாண் ஆலோசனைக்கு 1800 180 1551. இரண்டையும் இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கப் போகும்போது பில்லைக் கையில் வாங்கிய பிறகே பையைத் தோளில் ஏற்றுங்கள்.