உஷார்! அந்த அம்மாவுக்குக் கண்ணில் பட்டன்

'கோரலைன்' என்று ஒரு பொம்மைப் படம் இருக்கிறது. நீல முடியும் மஞ்சள் மழைக்கோட்டுமாக ஒரு சிறுமி, கூடவே கறுப்பாக ஒரு பூனை. பார்க்க அவ்வளவு அழகு. "கார்ட்டூன்தானே" என்று பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன். அதனால்தான் பதறிப்போய் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அக்காவுக்கு ஆபீஸ், மாமா வெளியூர். ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் அவளுக்குச் சித்தி. படத்தைப் போட்டுக் கொடுத்து, தட்டில் நாலு முறுக்கும் வைத்துவிட்டு, உள்ளே போய் போனைக் கையில் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஹாலில் சத்தமே இல்லை. பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் பெரியவர்களுக்குத்தான் எவ்வளவு நிம்மதி! முறுக்கு தொடாமல் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

ராத்திரி படுக்கப் போகும்போது அவளுடைய கரடிப் பொம்மை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"ஏன்டி குட்டி, அதைத் திருப்பி வெச்சிருக்கே?"

"அதுக்குக் கண்ணு பட்டன், சித்தி."

கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பட்டன் தைச்சா வலிக்குமா?"

சரி, பயந்துவிட்டாள், திருநீறு பூசித் தூங்கவைத்தால் காலையில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த கேள்விதான் என்னை எழுந்து உட்காரவைத்தது. "அந்த அம்மா மொதல்ல நல்லவங்கதானே சித்தி? கேக்காமயே எல்லாம் செஞ்சு குடுத்தாங்களே."

மறுநாள் முதல் காட்சியிலிருந்து நானே உட்கார்ந்து பார்த்தேன்.

நீல் கெய்மன் எழுதி 2002-இல் வந்த சிறு நாவல் இதற்கு மூலம். மகளுக்காக எழுத ஆரம்பித்து, பல வருடம் இழுத்தடித்து, இளைய மகளுக்காக முடித்தது. 'கரோலைன்' என்று தட்டச்சு செய்யப் போய் எழுத்து இடம் மாறி 'கோரலைன்' ஆகிவிட்டது, அதையே வைத்துக்கொண்டார். 2009-இல் ஹென்றி செலிக் அதைப் படமாக எடுத்தார். தயாரிப்பு லைகா. நம் ஊர்ப் படக் கம்பெனி இல்லை. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்கிற ஸ்டூடியோ. அவர்களுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்.

கதை எளிது. புது ஊர், பழைய வீடு. அப்பா அம்மா இருவருக்கும் தோட்டக்கலை விலைப்பட்டியலுக்கு எழுதித் தருகிற வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். கிணற்றுக்குள் விழப் பார்த்தேன் என்று பெண் வந்து சொன்னால், அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம்" கொட்டுகிறாள். வீட்டில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் என்று எண்ணிக்கொண்டு வா என்று அப்பா துரத்துகிறார். எண்ணப் போனவள் சுவரோரம் ஒரு குட்டிக் கதவைக் கண்டுபிடிக்கிறாள். பகலில் திறந்தால் செங்கல் சுவர். ராத்திரி திறந்தால் நீளமாக ஒரு வழி. அந்தப் பக்கம் போனால் அதே வீடு, அதே சமையலறை, அடுப்பு முன்னால் அதே அம்மாவின் முதுகு. திரும்புகிறாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பட்டன்.

பார்த்த மாத்திரத்தில் அலறிக்கொண்டு ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை. சாப்பிட உட்கார்கிறாள். சுட்ட கோழி வருகிறது, குழம்பு பொம்மை ரயிலில் ஏறி மேசையைச் சுற்றி வருகிறது, தலைக்கு மேலே தொங்கும் சரவிளக்கிலிருந்து மில்க் ஷேக் இறங்குகிறது. நிஜ வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் அத்தனை பேரும் அவளைத் தப்பாகக் 'கரோலைன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்திலோ சர்க்கஸ் எலிகள்கூட வரிசையாக நின்று அவள் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டுகின்றன. தோட்டத்தை மேலிருந்து பார்த்தால் அவள் முகம். செலிக் இதிலும் ஒரு வேலை செய்திருக்கிறார். நிஜ வீட்டு செட்டுகளை ஆழமில்லாமல் நெருக்கி, நிறத்தை மங்கவைத்துக் கட்டினார். மறுபக்கத்து வீட்டை ஆழமும் வண்ணமுமாக விரித்தார். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. எந்த வீட்டில் மூச்சு விட நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்துவிடும்.

கோரலைனுக்குப் பிடித்தது இத்தனையும் அந்தப் பட்டன் கண் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? விடை முதல் காட்சியிலேயே இருக்கிறது. ஊசி ஊசியான விரல்கள் ஒரு பழைய துணிப்பொம்மையை வாங்குகின்றன. வாயைப் பிரித்து, கண் பட்டனை அறுத்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, புதிதாக அடைத்து, நீல முடி வைத்து, மஞ்சள் கோட்டு மாட்டி ஜன்னல் வழியாக வெளியே அனுப்புகின்றன. அந்தப் பொம்மை சுற்றிச் சுற்றி கோரலைன் கைக்கே வந்து சேர்கிறது. அதன் கண் வழியாகத்தான் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைக்கு எது கிடைக்கவில்லை, யார் மேல் கோபம், எந்த ராத்திரி அழுதாள் என்று கணக்கெடுத்த பிறகுதான் கதவு திறந்தது.

அடுத்து நடப்பதை நிதானமாகக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் வைபி ஓயாமல் பேசி கோரலைனை எரிச்சல்படுத்துகிறவன். மறுபக்கத்திலும் ஒரு வைபி இருக்கிறான். ஆனால் பேச மாட்டான். பேசாதபடி அந்த அம்மா 'சரிசெய்து' வைத்திருக்கிறாள். கோரலைனுக்கு அது பிடித்துப்போகிறது! என் அக்கா மகளுக்கும் பிடித்திருக்கும், கேட்டால் சொல்வாள். இன்னொருவன் வாயை அடைத்ததைத் தனக்குக் கொடுத்த பரிசாக எடுத்துக்கொள்ளப் பிள்ளை பழகிவிட்டது. பின்னால் அதே பையன் சிரிக்க மறந்தபோது, அந்த அம்மா அவன் உதட்டை இழுத்துச் சிரிப்பாகவே தைத்துவிடுகிறாள்.

அதற்கப்புறம்தான் பெட்டி வருகிறது. அழகாகக் கட்டிய பரிசுப் பெட்டிக்குள் இரண்டு பட்டன், ஊசி, நூல். இங்கேயே இருந்துவிடலாம், ஒரே ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. கட்டாயமே இல்லை, எல்லாம் உன் இஷ்டம். கறுப்புதான் வழக்கம், வேண்டுமானால் வேறு கலரும் இருக்கிறது. இந்தக் கலர் தந்திரம் நமக்குத் தெரியாததா? "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேட்டே குளிக்க மாட்டேன் என்கிற பிள்ளையைக் குளிப்பாட்டிவிடுகிறோம். குளிப்பதா வேண்டாமா என்ற கேள்வி காணாமல் போய்விடும். அவள் அதையே ஊசியோடு செய்கிறாள். மாட்டேன் என்று கோரலைன் சொன்ன பிறகுதான் அந்த உருவம் நீண்டு, எலும்பாகி, மூன்று வரை எண்ணத் தொடங்குகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே மூன்று பிள்ளைகளின் ஆவி அடைந்து கிடக்கிறது. அவர்களுக்கும் ஒரு பொம்மை வந்தது, அவர்களுக்கும் தின்பண்டமும் விளையாட்டும் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு நேசிக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தின்ன ஒரு ஆள் வேண்டும் என்கிற மாதிரி பூனை ஒரு இடத்தில் சொல்கிறது. அவளுக்கு இரண்டும் ஒரே பசி என்று எனக்குத் தோன்றியது.

பயந்த பிள்ளை தானே வந்து சொல்லிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்தப் புத்தகம் வெளிவந்ததே ஒரு பிள்ளை சொன்ன பொய்யால்தான். குழந்தைகளுக்கு ரொம்பப் பயங்கரம் என்று கெய்மனின் இலக்கிய முகவர் தயங்கியிருக்கிறார். உங்கள் பெண்ணுக்கே வாசித்துக் காட்டிப் பாருங்களேன் என்றார் கெய்மன். வாசித்தார். பயமே இல்லை என்றாள் பெண். புத்தகம் வந்தது. பல வருடம் கழித்து, 2009-இல் நியூயார்க்கில் இது மேடையேறியபோது, வளர்ந்துவிட்ட அந்தப் பெண் கெய்மனிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நடுங்கிப்போயிருந்தாளாம். சொன்னால் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள், முடிவு தெரியாமல் போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லையாம். ஹாலில் சத்தமே வராத அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பட்டன் கண் அம்மா புதிதாக முளைத்தவளும் இல்லை. ஆங்கிலத்தில் லூசி கிளிஃபோர்டு 1882-இலேயே 'புது அம்மா' என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கண்ணும் மர வாலுமாக வருகிறாள் அந்த அம்மா. கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை ஒன்றில், ஆட்டுக்குட்டிகள் தனியாக இருக்கும் வீட்டுக்கு வருகிற ஓநாய், குரல் மென்மையாவதற்குச் சுண்ணக்கட்டியைத் தின்றுவிட்டு, காலில் மாவு பூசிக்கொண்டு, அம்மா வந்திருக்கிறேன் என்று கதவைத் தட்டுகிறது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுவதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். பூதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அழகான பெண்ணாக வந்து மடியில் எடுத்துப் பால்தானே கொடுத்தாள்? அங்கே இருந்தது கண்ணன், அதனால் அவள் உயிர் போயிற்று.

இந்த இடத்தில் எங்கள் கட்சிக்காக ஒரு வார்த்தை. கிரிம் தொகுப்பின் 1812-இல் வந்த முதல் பதிப்பில் ஹேன்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச் சொன்னவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் அவளை மாற்றாந்தாயாக ஆக்கிவிட்டார்கள். பழி முழுக்கச் சித்திமார் தலையில் விடிந்தது. தமிழில் அம்மாவின் தங்கைக்கும் அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் ஒரே சொல் என்பதால் நானும் சேர்த்துப் பேச்சு வாங்குகிறேன். கோரலைனின் வில்லி சித்தி இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

அவளுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் 'அம்மா மாதிரி' என்று வைப்பேன். யோசித்துப் பாருங்கள், இந்தச் சொல்லை நாம் எப்படி வாரி இறைக்கிறோம்! டியூஷன் டீச்சரிடம் விடும்போது "அம்மா மாதிரி நெனச்சுக்கோ". மாடி வீட்டுக்காரரிடம் விடும்போது "அப்பா மாதிரிதான், சொன்ன பேச்சைக் கேளு". போன வாரம் குடிவந்தவரைக்கூட மாமா என்றும் பெரியம்மா என்றும் கூப்பிட வைத்துவிடுகிறோம். இவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான், எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்த பயமெல்லாம் பூச்சாண்டியும் சாக்கு மூட்டையோடு வரும் பிள்ளைபிடிக்கிறவனும்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடா வருடம் சொல்கின்றன. சாக்கு மூட்டை இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிடித்ததைக் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அதனால் படத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல படம். எட்டு ஒன்பது வயது ஆகட்டும், அமெரிக்காவிலேயே பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கச் சொல்லித்தான் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். போட்டால் பக்கத்தில் உட்காருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. தயவுசெய்து பாதியில் நிறுத்தி "மீதி நாளைக்கு" என்று தூங்கவைக்காதீர்கள். பரிசுப் பெட்டி வருவதற்கு முன்னால் நிறுத்தினால், விருந்து வைத்த நல்ல அம்மாவோடு பிள்ளை படுக்கப் போகிறது. பெட்டி திறக்கும்போது மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தி, "இவ ஏன் இவ்வளவு நல்லவளா இருக்கா?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

நான் கேட்டேன், தாமதமாகத்தான். கடையில் கோரலைன் ஆசைப்பட்ட கலர் கையுறையை நிஜ அம்மா வாங்கித்தர மறுக்கிற காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். "இந்த அம்மா வாங்கித் தரல. அந்த அம்மா எல்லாம் தந்தா. எது நிஜ அம்மா?"

குட்டி யோசிக்கவே இல்லை. "திட்டுறதுதான்."

அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அன்று சீக்கிரமே லேப்டாப்பை மூடினாள்.

திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்ம் சட்டையில் மேல் பட்டனைக் காணோம். பஸ் வர இன்னும் பத்து நிமிடம். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து, ஊசியில் நூலைக் கோத்து, "வாடி, போட்டபடியே தைச்சுடறேன்" என்று திரும்பினேன். அவள் வாசல்படியைத் தாண்டிவிட்டிருந்தாள். சட்டையின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் கண்ணையே பார்த்தபடி நின்றாள்.