ஃபியூஸ் சொல்லும் சாட்சி

ஆடி பிறந்துவிட்டால் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில்கள் களைகட்டும். கூழ் வார்த்தல், தீமிதி, இரவானால் தெருக்கூத்து அல்லது மெல்லிசைக் கச்சேரி. கூத்துக்காரர்களின் மிருதங்கமும் முகவீணையும் மின்சாரத்தை நம்பி இல்லை. கச்சேரி மேடையில் இருக்கும் கீபோர்டும் ரிதம் பேடும் அப்படியல்ல. பாதிப் பாட்டில் அவை அணைந்துபோனால், "ஃபியூஸ் போயிடுச்சுப்பா" என்று முதலில் ஒரு குரல் எழும். "ஒரு கம்பியைச் சுத்திப் போடு, ஓடட்டும்" என்று அடுத்து வரும் குரல்தான் ஆபத்தானது.

ஃபியூஸ் போனால் கருவி கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கெடவிருந்த கருவியை அது காப்பாற்றியிருக்கக்கூடும். ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போடுவது, நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியைக் குப்பையில் எறிவதற்குச் சமம்.

மின்னோட்டம் கம்பியில் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஜூல் கண்டறிந்த இந்த விதிதான் ஃபியூஸின் அடிப்படை. சுற்றிலேயே மெலிந்த இடம் ஒன்றை வேண்டுமென்றே வைத்தால், எல்லை மீறும்போது முதலில் அதுதான் உருகும். தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க மெல்லிய கம்பியைப் பயன்படுத்தலாம் என்று பிரான்சின் பிரெகே 1847-லேயே யோசனை சொன்னார். மின்விநியோக அமைப்பின் பகுதியாக எடிசன் 1890-ல் ஃபியூஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

கருவியின் பின்புறமோ உள்ளே பவர் சப்ளை போர்டிலோ இருப்பது பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள கண்ணாடிக் குழாய். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், அளவை விடச் சற்றே அதிகமான மின்னோட்டம் வெகுநேரம் ஓடியிருக்கலாம். பழைய ஃபியூஸ் ஓய்ந்தும் போயிருக்கலாம். கண்ணாடி கருகியோ, உட்புறம் வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால், கம்பி ஒரே கணத்தில் ஆவியாகியிருக்கிறது. உள்ளே எங்கோ ஷார்ட் என்று பொருள். அப்போது எத்தனை புது ஃபியூஸ் போட்டாலும் அத்தனையும் போகும். சில சமயம் கம்பி முழுசாகத் தெரிந்தும் உள்ளே விட்டுப்போயிருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை வைத்து 'பீப்' வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

உலோக மூடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். 'எஃப்' என்றால் சட்டென அறுவது, 'டி' என்றால் சற்றுப் பொறுத்து அறுவது. டிரான்ஸ்பார்மர் உள்ள கருவி, சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கமானதைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த நொடிப்பொழுதைத் தாங்க 'டி' வகை வேண்டும். சில 'டி' ஃபியூஸ்களில் கம்பியின் நடுவே ஒரு சிறு வெள்ளீய மணி தெரியும். தாமிரம் உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 போதும். மிகைமின்னோட்டம் நீடித்தால் வெள்ளீயம் உருகித் தாமிரத்தைக் கரைத்து, அந்த இடத்திலேயே கம்பியை அறுக்கிறது. மெட்காஃப் விளைவு என்று இதற்குப் பெயர்.

இப்போது அந்த 'ஒரு கம்பி'க்கு வருவோம். சாதாரண ஒயரில் இருக்கும் 0.2 மில்லிமீட்டர் தாமிர இழை ஒன்று உருக ஏறத்தாழ 7 ஆம்பியர் தேவை. அரை ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் அதைச் சுற்றினால், பதினான்கு மடங்கு மின்னோட்டத்தையும் ஏறக்குறைய இருநூறு மடங்கு வெப்பத்தையும் கருவிக்குள் அனுமதிக்கிறோம். இனி கம்பி உருகாது, டிரான்ஸ்பார்மர்தான் எரியும்.

ஃபியூஸ் போக என்ன காரணம்? திருவிழா மேடையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நியூட்ரலை. மும்முனை இணைப்பில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். அவசரமாக முறுக்கிய நியூட்ரல் கழன்றுவிட்டால், ஒரு ஃபேஸில் இருக்கும் கீபோர்டும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் தொடரிணைப்பாகி 400 வோல்ட்டைப் பங்குபோடும். பங்கு சமமாக இருக்காது. 2,000 வாட் விளக்குகள் சிறு பங்கோடு மங்கிவிட, 20 வாட் கீபோர்டின் மேல் மிச்சம் மொத்தமும் ஏறும். மேடையில் விளக்குகள் திடீரென மங்கியோ கண்கூசும்படி பிரகாசித்தோ மாறினால், முதல் வேலை கருவிகளின் ப்ளக்கை உருவுவது.

நல்ல பவர் சப்ளைகளில் வேரிஸ்டர் என்ற வட்ட வில்லை இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் அது மின்னோட்டத்தைத் தன் வழியே திருப்பி, ஃபியூஸைப் போகச் செய்து, பின்னால் உள்ள பாகங்களைக் காக்கும். வில்லை வெடித்துக் கருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். வெட்டி எறிந்துவிட்டாலும் கருவி ஓடும். அடுத்த முறை காக்க ஆள் இருக்காது.

அடாப்டரில் ஓடும் கருவிகளில் இன்னொரு விபத்து உண்டு. ரோலண்ட் ரிதம் பேடுகளின் அடாப்டர் முனையில் நடுவில் மைனஸ். யமஹா பிஎஸ்ஆர் கீபோர்டுகளில் நடுவில் பிளஸ். இருட்டு மேடையில் மாற்றிச் செருகினால் போர்டில் உள்ள சிறு ஃபியூஸ் போகலாம். ஜாக்கின் பக்கத்தில் இருக்கும் பிளஸ், மைனஸ் படத்தைப் பார்த்தால் இது நடக்காது. அடாப்டரில் வண்ண நாடா சுற்றி வைத்தால் இன்னும் நல்லது.

பழுது பார்ப்பவர்களிடம் அருமையான வழி ஒன்று இருக்கிறது: சீரிஸ் போர்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து, அதன் வழியாகக் கருவிக்கு மின்சாரம் தருவார்கள். எந்த ஷார்ட் இருந்தாலும் பல்பு அரை ஆம்பியருக்கு மேல் விடாது. பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. புது ஃபியூஸை நம்பிப் போடலாம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. ரெக்டிஃபையர் டையோடுகளையும் கெப்பாசிட்டரையும் சோதிக்க வேண்டும். ப்ளக்கை உருவிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

மெல்லிசைக் கலைஞருக்கு அந்தக் கீபோர்டுதான் பிழைப்பு. ஆடி மாதத்தில் அது படுத்துவிட்டால் மொத்தப் பருவத்தின் வருமானமும் போகும். சரியான எண்ணும் எழுத்தும் கொண்ட இரண்டு ஃபியூஸை வாத்தியப் பையிலேயே வைத்திருப்பது கலைஞரின் பொறுப்பு. எர்த்தும் நியூட்ரலும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று வயர்மேனை வைத்துப் பார்ப்பது விழாக் குழுவின் பொறுப்பு. கச்சேரி தொடங்குமுன் மேடைப் பாயின்ட்டில் மீட்டரை வைத்து, 230-க்குப் பக்கத்தில் காட்டினால் மட்டும் செருகட்டும். ஒரு நிமிட வேலைதான். அதைச் செய்யாத ஊரில் எவ்வளவு நல்ல ஃபியூஸும் தனியாகப் போராடித் தோற்கும்.