சுமக்கத்தக்க சுடுமேசையும் முக்காலியின் உறுதியும்

நாற்காலி ஆடுவதுண்டு, முக்காலி ஆடுவதில்லை. இவ்வுண்மையை நம் அடுக்களைகள் நெடுங்காலமாக அறியும். கரடுமுரடான தரையிலும் மூன்று கற்களை வைத்து அடுப்புக் கூட்டிப் பானையை ஏற்றினால் அஃது அசையாதிருக்கும். நான்காவது கல்லொன்றைச் சேர்ப்பின், அதனை மற்றவற்றோடு சமன்செய்தாலன்றிப் பானை தள்ளாடும். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளூடாக ஒரு தளமே செல்லும் என்னும் கேத்திரகணித விதியே இதற்குக் காரணமாகும். ஆய்வுகூடத்தின் கோளமானி மூன்று கால்களில் நிற்பதும், நில அளவையாளரின் கருவி முக்காலியின்மீது ஏற்றப்படுவதும் இவ்விதி பற்றியே. இவ்விதி எத்துணைப் பயன் தருவதென்பதை, றைபிள் சுடுவோர் பயன்படுத்தும் சுடுமேசை என்னும் எளிய பொருளொன்றைக்கொண்டு ஈண்டு விளக்க முற்படுவாம்.

சுடுமேசையின் நோக்கம்

இலக்குத் தாளிற் குண்டுகள் சிதறி விழுமாயின் குறை யாருடையது? சுடுபவனின் கை நடுங்கியதா? குழல் பழுதுற்றதா? தோட்டாக்கள் ஒன்றற்கொன்று வேறுபட்டனவா? இம்மூன்றும் ஒருங்கு கலந்திருக்கும்வரை விடை காணவொண்ணாது. விஞ்ஞான முறையாவது, காரணங்கள் பலவாயிருப்பின் அவற்றுள் ஒன்றை மட்டும் மாறவிட்டு ஏனையவற்றை மாறாது நிறுத்துதலாகும். சுடுபவனின் நடுக்கத்தை இயன்றவளவு நீக்கி, துப்பாக்கியையும் தோட்டாவையும் மட்டும் சோதிக்க உதவுவதே சுடுமேசை. எனவே, அதனை இருக்கைத் தளபாடமாகக் கொள்ளாது அளவைக் கருவியாகக் கொள்ளுதலே பொருந்தும்.

இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த மருத்துவர் பிராங்க்ளின் மான் என்பவர். குண்டுகள் நெறி பிறழ்வதன் காரணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த அவர், அசைவற்ற பெரிய கொங்கிறீற்றுப் பீடமொன்றை அமைத்து அதன்மேற் குழலைப் பொருத்திச் சுட்டார். ஜிப்ரால்ட்டர் பாறையின் பெயரை அதற்கு இட்டார். அவர்தம் ஆராய்ச்சி நூல் 1909 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயினும் கொங்கிறீற்றுப் பீடத்தைத் தோளிற் சுமந்து செல்ல முடியாது. நிலையான மேசையில்லாத வெளிகளிற் சுடுவோர்க்கு, இலேசானதும் அசையாததுமான மேசை வேண்டும். இவ்விரு பண்புகளும் ஒன்றையொன்று பகைப்பன. அப்பகையைத் தீர்ப்பதே இங்குள்ள சிக்கல்.

எத்துணை உறுதி வேண்டும்?

மேசைமேல் றைபிள் இரண்டிடங்களில் மணற்பைகளாற் தாங்கப்படும்: ஒன்று முன்கட்டையின் கீழ், மற்றையது பின்கட்டையின் கீழ். இவற்றிடைத் தூரம் 25 அங்குலம் என்க. இலக்கு 100 யார், அதாவது 3600 அங்குலம் தொலைவிலுள்ளது. 3600ஐ 25ஆல் வகுப்பின் 144 வரும். ஆகவே, ஒரு தாங்கி மற்றதனை நோக்க ஓரங்குலத்தின் நூறிலொரு பங்கு அசையுமாயின், இலக்கிற் குண்டு 1.44 அங்குலம் விலகும். சுடுவோர் நுண்மையை அளக்கப் பயன்படுத்தும் ஒரு கலைக் கோணம், அதாவது பாகையின் அறுபதிலொரு பங்கு, 100 யாரில் ஏறத்தாழ 1.05 அங்குலமேயாம். கண்ணுக்குப் புலனாகாத அசைவொன்று நல்ல துப்பாக்கியைத் தீயதெனக் காட்டிவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

கால்களின் அமைப்பு

மேசைக்கு மூன்று கால்கள் போதும். முன்னே இரண்டு, பின்னே ஒன்று. எனினும் முக்காலிக்கும் ஒரு குறையுண்டு: அஃது ஆடாது, ஆனால் எளிதிற் கவிழும். ஒரே வட்டத்தின்மேற் சமதூரங்களில் நான்கு பாதங்களை வைப்பின், மையத்திலிருந்து சதுரத்தின் விளிம்புவரையுள்ள தூரம் ஆரையின் 0.7 பங்கு, மூன்று பாதங்களாயின் முக்கோண விளிம்புவரை 0.5 பங்கே. பாரத்தின் செங்குத்துக்கோடு அவ்விளிம்பைக் கடந்தால் மேசை சரியும். ஆதலின் கால்களை நேர்குத்தாக நிறுத்தாது வெளிப்புறமாக 10 முதல் 15 பாகைவரை சாய்த்தல் வேண்டும். இதனாற் பாதங்களின் முக்கோணம் விரியும். அன்றியும், நேர்குத்தான காலைப் பக்கவிசை வளைக்க முயலும்; சாய்ந்த காலில் அவ்விசையின் ஒரு பகுதி மரத்தின் நீளப்பாடாகச் செல்லும். மரமோ வளைவதினும் நெருக்குதலை மிகுதியுந் தாங்கவல்லது.

வலக்கையாற் சுடுபவனுக்கு மேசையின் பின்பகுதி வலப்புறம் நீண்டு அவன் முழங்கையைத் தாங்கவும், இடப்புறம் வெட்டப்பட்டு அவன் உடலுக்கு இடந்தரவும் வேண்டும். முழங்கை ஊன்றுமிடத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்க. அது மூன்று பாதங்களாலாய முக்கோணத்தினுள் விழவேண்டும். வெளியே விழின் பின்காலை இன்னும் அகற்றி நிறுத்துக.

பலகை

முக்காலங்குல ஒட்டுப்பலகை ஒன்று போதுமானது. மெல்லிய ஏடுகளை நார்கள் ஒன்றற்கொன்று குறுக்காக அமையுமாறு ஒட்டியிருத்தலின், அது தனிப்பலகைபோல் எளிதிற் கோணாது. ஆனால் மெல்லியதாகலின் வளையும். அத்தகைய இரு பலகைகளை நன்கு ஒட்டினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஒட்டாது ஒன்றன்மேலொன்றை வைப்பின் இருமடங்கே. விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்ததென்பதே இதன் காரணம். எனினும் இரு பலகைகளின் பாரம் சுமப்பவனை வருத்தும். ஆகவே ஒரு பலகையை மட்டுங்கொண்டு, அதன் கீழே மூன்றங்குல அகலச் சட்டங்களை விளிம்புநிலையில் ஒட்டித் திருகாணியால் இறுக்குக. மரம் சிறிதே கூடும். விறைப்போ பன்மடங்கு பெருகும். வீட்டுக் கூரையின் வளையைப் படுக்கையாக வைக்காது விளிம்புநிலையில் வைக்கும் நம் தச்சர்கள் இக்கணக்கைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள்.

மூட்டுகள்

சுமக்கத்தக்க மேசை கழற்றப்படவேண்டும், கழற்றப்படுவது தளரும். இங்கேதான் பெரும்பாலான மேசைகள் தோல்வியுறுகின்றன. பிணைச்சலிற் காலை மடக்குவது வசதியாயினும், அதன் ஊசித் துளையிலுள்ள சிறு இடைவெளி பாதத்திற் பெரிதாகத் தோன்றும். இதனினும் சிறந்த வழி, பலகையின் கீழே சாய்வான மரக்கூடுகளை அமைத்து, மேல்முனை சிறுகச் சீவப்பட்ட கால்களை அவற்றிற் செருகுதலாகும். ஆப்பு இறுகுவதுபோல், மேசைமேற் பாரம் கூடக்கூட மூட்டும் இறுகும். மழைநீரால் மரம் ஊதாதிருக்க வார்ணிசு பூசுதல் நன்று. மண்தரைக்கு இரும்பு முனையும், கொங்கிறீற்றுத் தரைக்கு றப்பர் அடியும் பொருந்தும்.

இலேசான மேசைக்குப் பாரத்தை எங்ஙனம் அளிப்பது? பலகையின் நடுவே கீழ்ப்புறம் ஒரு கொக்கியை அமைத்து, வெறுஞ்சாக்கொன்றைக் கொண்டுசெல்க. சுடுமிடத்தில் அதனை மண்ணால் நிரப்பி, ஊசலாடாதவாறு அடிப்பாகம் தரையை மெல்லத் தொடும்படி தொங்கவிடுக. புவியீர்ப்பு மையம் தாழும், அதிர்வும் குறையும். வேண்டிய பாரம் அவ்விடத்து மண்ணிலேயே கிடைத்தலின், அதனைச் சுமந்து செல்ல வேண்டுவதில்லை.

இருக்கை தனியாயிருத்தல் வேண்டும். மேசையோடு பிணைத்தால் உடலின் ஒவ்வோர் அசைவும் துப்பாக்கிக்குச் செல்லும். குழலை எதன்மீதும் சாய்த்தலாகாது. முன்கட்டையின் மரமே பையின்மேற் படியவேண்டும். கடினமான பொருளின்மீது வைத்துச் சுடின் துப்பாக்கி துள்ளிக் குண்டு இடம் மாறி விழும்.

சோதனை

மேசையை முடித்தபின், தோட்டா இல்லையென்பதை இருமுறை உறுதிசெய்து, வெறுந்துப்பாக்கியைப் பைகளின்மேல் வைத்து இலக்கின் நடுவை நோக்குக. பின்னர் முழங்கையை ஊன்றியும் எடுத்தும் பார்க்க. நோக்குக்குறி நகர்ந்து மீண்டும் அவ்விடத்திற்கே வருமாயின் மரம் வளைகின்றது. நகர்ந்து மீளாதாயின் மூட்டுத் தளர்ந்துள்ளது அல்லது பாதம் அமிழ்ந்துள்ளது. நோயின் குறியே நோயின் இடத்தையும் காட்டிவிடும்.

துப்பாக்கி வைத்திருத்தற்கு நம் நாட்டிற் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். குண்டைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு இல்லாதவிடத்து எத்துணை உறுதியான மேசையும் பயனற்றது, தீங்கும் பயக்கும். துப்பாக்கியைத் தம் வாழ்நாளில் தொடாதவர்க்கும் இம்மேசை ஒரு பாடம் புகட்டும். ஒன்றன்மேற் குற்றஞ்சாட்டுமுன், நாம் நிற்கும் தளம் அசையாதிருக்கின்றதா என்று நோக்குதல் வேண்டும். தன் மேசையைச் சோதியாதவன் தன் துப்பாக்கியைப் பழித்தல் முறையன்று. தராசைச் சமன்செய்யாது நிறுத்துவிட்டுப் பொருளைக் குறைகூறும் மாணவனுக்கும் இது பொருந்தும்.