கார் விருந்தாளி, சைக்கிள் வீட்டுக்காரர்!

நான் இப்பள்ளியில் +2 வரை படித்த பழைய மாணவன். இப்போது வேலை நிமித்தமாக ஜெர்மனியில் இருக்கிறேன். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லீவு போட்டுவிட்டு, சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரிலிருந்து ரைன் நதிக்கரை ஓரமாகவே, தன்னந்தனியாக சைக்கிள் மிதித்து நெதர்லாந்து போனேன். வழியில் எத்தனையோ ஊர்கள். ஆனால் தமிழய்யா, "யூட்ரெக்ட் பற்றி மட்டும் எழுதுப்பா, பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். எழுதுகிறேன்.

எண்ணைப் பிடித்தால் ஊர் வரும்

நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் மேப்பை மூடி வைத்துவிடலாம். சைக்கிள் பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். காலையில் கிளம்பும்போது, போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். அம்புக்குறி பார்த்துக்கொண்டே போகலாம். பாஷை தெரியாதவன்கூட வழி தவற மாட்டான். பக்கத்து நாடான பெல்ஜியத்தில், நிலக்கரிச் சுரங்க என்ஜினியராக இருந்த ஹியூகோ போலன் என்பவருடைய யோசனை இது. 1995-ல் அங்கே ஆரம்பித்து, பிறகு நெதர்லாந்துக்கும் பரவியது.

ஊருக்குள் என்ன விசேஷம்?

முதலில் கண்ணில் படுவது சிவப்பு ரோடு. கார் ரோடு கறுப்பு, சைக்கிள் ரோடு சிவப்பு. பெரிய ரோடுகளில் இரண்டுக்கும் நடுவே மேடை கட்டியோ, புல் வளர்த்தோ பிரித்திருக்கிறார்கள். சும்மா வெள்ளைக் கோடு போட்டு விட்டுவிடவில்லை. கோட்டை லாரி தாண்டும், மேடையைத் தாண்டுமா?

சில தெருக்களில் ஒரு போர்டு இருக்கும். அதில் 'ஆட்டோ டே காஸ்ட்' என்று எழுதியிருப்பார்கள். ஆட்டோ என்றதும் நம்ம ஊர் ஷேர் ஆட்டோவை நினைக்காதீங்க! அவங்க பாஷையில் ஆட்டோ என்றால் கார். 'இங்கே கார் விருந்தாளி' என்பது அதன் அர்த்தம். அதாவது அந்தத் தெரு சைக்கிளுக்குச் சொந்தம். கார் வரலாம், ஆனால் விருந்தாளி மாதிரி அடக்க ஒடுக்கமாக வரணும்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் சைக்கிள் ஸ்டாண்டு. நம்ம ஊர் ஸ்டாண்டில் எத்தனை சைக்கிள் நிற்கும்? 200? 300? அங்கே 12,500 நிற்கும்! மூன்று தளங்கள். 2019-ல் முழுமையாகத் திறந்தபோது உலகத்திலேயே பெரிய சைக்கிள் ஸ்டாண்டு அதுதான். ஸ்டாண்டுக்குள்ளேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகலாம். எந்த வரிசையில் இடம் காலி என்று போர்டு காட்டும். நான் போனபோது முதல் 24 மணி நேரம் இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாலம். பெரிய கால்வாய்க்கு மேலே, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டுமே கட்டியது. பாலத்தில் ஏறும் பாதை ஒரு ஆரம்பப் பள்ளியின் கூரை மேல் வளைந்து போகிறது! கீழே பிள்ளைகள் பாடம் படிக்க, மேலே சைக்கிள் ஓடுகிறது. 2017-ல் திறந்த இந்தப் பாலத்துக்கு, அந்த ஊர் ஓட்டப்பந்தய வீராங்கனை டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பணக்கார நாடு, செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்த நாடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1950, 60-களில் கார் பெருகப் பெருக சைக்கிளை ஓரங்கட்டினார்கள். யூட்ரெக்டில் ஊரைச் சுற்றியிருந்த பழைய கால்வாயின் ஒரு பகுதியைத் தூர்த்து, அதன் மேல் பெரிய கார் ரோடே போட்டார்கள். விளைவு என்ன? 1971-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் சாலை விபத்தில் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

அவர்களில் ஒருத்தி 6 வயதுச் சிறுமி. சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள் திரும்பி வரவில்லை. அவளுடைய அப்பா விக் லாங்கன்ஹோஃப் ஒரு பத்திரிகையாளர். 1972-ல் அவர் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது தலைப்பு. அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராகிவிட்டது. பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. காலியான ரோட்டில் ஜனங்கள் சைக்கிள் விட்டுப் பார்த்தார்கள். 'அட, ஊர் இப்படியும் இருக்கலாமே!' என்று எல்லாருக்கும் தோன்றியது.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரோடுகளை மாற்றினார்கள். யூட்ரெக்டில் தூர்த்த கால்வாயை மறுபடி தோண்டி, 2020-ல் அந்த இடத்தில் முழுமையாகத் தண்ணீர் விட்டார்கள். இப்போது அங்கே படகு போகிறது. 2023-ல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 684 பேர். வண்டிகள் பல மடங்கு பெருகிய பிறகும் சாவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஆக, பணம் மட்டும் காரணமில்லை. யாரோ கேட்டார்கள், அதனால் கிடைத்தது.

ரோடு மட்டும் போதுமா?

போதாது. சட்டமும் பழக்கமும் கூட வேண்டும். கார் சைக்கிள் மீது மோதினால் பெரும்பாலும் கார்க்காரர்தான் நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அடிபட்டது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் சட்டம் இன்னும் கண்டிப்பு. பிள்ளைகளுக்கும் கடமை உண்டு. ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் போக்குவரத்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அப்புறம் ரோட்டில் சைக்கிள் ஓட்டியும் காட்டணும். கை காட்டித் திரும்புகிறாயா, பின்னால் பார்க்கிறாயா என்று பார்த்து மார்க் போடுவார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நம் பள்ளியில் பாதிப் பேருக்கு மேல் சைக்கிளில் வருகிறீர்கள். 11-ஆம் வகுப்பில் அரசாங்கம் சைக்கிள் தருகிறது. ஆனால் அதை ஓட்ட நமக்கு மெயின் ரோட்டின் மண் ஓரம்தான் இருக்கிறது. அதனால் மூன்று விஷயம் சொல்கிறேன்.

1. ஒரு வாரம், காலை 8.30 முதல் 9.15 வரை, பள்ளி வாசலுக்கு உள்ளே நின்று எத்தனை லாரி, பஸ், சைக்கிள் போகிறது என்று எண்ணுங்கள். கணக்கு சாரிடம் கொடுத்து கிராஃப் போடுங்கள்.

2. அதைத் தலைமையாசிரியர் மூலமாக ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். வாசலில் வேகத்தடை, 'பள்ளிப் பகுதி' போர்டு, மண் ஓரத்தைச் சமப்படுத்துவது. இந்த மூன்றைக் கேட்டால் போதும்.

3. பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாத சைக்கிளில் சாயங்காலம் போகாதீர்கள். டபுள்ஸ் அடிக்கிறவர்கள் மெயின் ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. சைக்கிளில் வர வெட்கப்படாதீர்கள். 2010 முதல் 2024 வரை நெதர்லாந்தின் பிரதமராக இருந்த மார்க் ருட்டே, ராஜாவைப் பார்க்கவே சைக்கிளில் போயிருக்கிறார்!

இதைப் படித்துவிட்டு 9-ஆம் வகுப்பிலிருந்து யாராவது நான்கு பேர் நோட்டும் பேனாவுமாக எண்ணத் தொடங்கினால், எனக்கு அதைவிட சந்தோஷம் வேறில்லை.



- பழைய மாணவன்