மாடியில் சோலார்: முன்பணம் கொடுக்கும் முன்

கரண்ட் போனாலும் இனி நம் வீட்டில் ஃபேன் ஓடும் என்று நம்பித்தான் பலர் மொட்டை மாடியில் சோலார் போடுகிறார்கள். மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் அமைப்பில் அது நடக்காது. தெருவில் கரண்ட் நின்றால், உச்சி வெயிலிலும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. அதை மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மின்வெட்டுதான் கவலை என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவும் கூடும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் முழுப் பெயரில் இலவச மின்சாரம் இருக்கிறது. ஆனால் பேனல் இலவசமில்லை. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். பேனல் மாட்டி, மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மானியம் வாங்கித் தர முதலில் கட்டணம் கட்டுங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்று வரும் அழைப்பு மோசடிதான். சோலார் செல் முதல் பேனல் வரை இந்தியத் தயாரிப்பாக இல்லாவிட்டால் மானியம் கிடையாது; இதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் தேவை. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் குடும்பம் கடன் வாங்கி சோலார் போடத் தேவையில்லை என்பதே என் கருத்து. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடுகிறது. பலன் அந்த வீடுகளுக்குத்தான்.

அடுத்து மீட்டர். பகலில் நீங்கள் பயன்படுத்தாத மின்சாரம் லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து வரும். இருவழி மீட்டர் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என இரண்டையும் தனித்தனியே காட்டும். கழித்து மிஞ்சும் யூனிட்டுக்கு பில் வரும். பழைய மீட்டர் இருக்கும்போதே "சும்மா ஓட்டிப் பார்க்கலாம்" என்று ஆன் செய்தால், சில மீட்டர்கள் நீங்கள் கொடுத்த யூனிட்டையும் செலவாகவே எண்ணிவிடும். வாரிய அனுமதி இல்லாமல் இணைப்பதும் தவறு.

மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தம் பலருக்கும் தெரிவதில்லை. 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் குறைகளின்றி முழுமையாக இருந்தால், சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை, லைனையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்தும் செலவு மின்வாரியத்தைச் சேர்ந்தது. வேலை முடிந்த சான்று கொடுத்த 15 நாளுக்குள் மின்வாரியம் அமைப்பை இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். தாமதமானால் மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் செய்து எண் வாங்குங்கள். பிறகு மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின்குறை தீர்ப்பாளர். நிறுவியவர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, மாவட்ட நுகர்வோர் ஆணையம். சூர்ய கர் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவுநர்கள் 5 ஆண்டு பராமரித்துத் தரக் கடமைப்பட்டவர்கள்.

மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் மின்சாரம் இருக்கும். தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பறந்து தீப்பிடிக்கலாம். பேனல் பக்கத்துக்கு, வீட்டு மின்சாரப் பக்கத்துக்கு, இடிதாங்கிக்கு எனத் தனித்தனி எர்த் போட்டிருக்கிறார்களா என்று நேரில் பாருங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத, புயல் காற்றைத் தாங்கும் ஸ்டாண்டைக் கேளுங்கள்.

கடைசித் தவணையை, இருவழி மீட்டரில் எக்ஸ்போர்ட் எண் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.