பால் கிண்ணத்தில் தொடங்கும் வாயு

இரண்டு மாதக் குட்டி வயிறு முட்டப் பால்சோறு தின்றுவிட்டுச் சுருண்டு படுக்கிறது. சில மணி நேரத்தில் வீடெல்லாம் நாற்றம். வயிற்றில் காதை வைத்தால் கடமுடவென்று ஓடுகிற சத்தம். மறுநாளும் அப்படியே. நாய்க்குட்டி வளர்க்கும் வீடுகளில் இது சர்வசாதாரணம். காற்றுப் பிரிவது நோயல்ல. நமக்கு எப்படியோ நாய்க்கும் அப்படித்தான். ஆனால் அளவு மீறிப் போனால், குட்டிக்கு ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது என்னவென்று அறிய, மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

குடலுக்குள் காற்றுச் சேர்வது முக்கியமாக இரண்டு வழிகளில். தின்னும்போதும் குடிக்கும்போதும் வாய்வழியே விழுங்குவது ஒன்று. அது வெறும் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். சத்தம் வரும், நாற்றம் வராது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய உணவு பெருங்குடலுக்கு வந்து சேர, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைப்பது இன்னொன்று. அப்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, மீத்தேன் எல்லாம் உண்டாகின்றன. இவற்றுக்கும் மணம் கிடையாது. வெளியேறும் வாயுவில் 99 சதவீதத்துக்கு மேல் மணமற்றதுதான். மிச்சமுள்ள ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள், முக்கியமாக அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூக்கைப் பொத்த வைக்கின்றன. ஆகவே நாற்றமில்லாமல் அடிக்கடி காற்று விடும் குட்டி அவசர அவசரமாகத் தின்கிறது என்று ஊகிக்கலாம். நாற்றம் தாங்க முடியவில்லை என்றால் இறைச்சி, முட்டை போன்ற கந்தகம் மிகுந்த புரதம் செரிக்காமல் கீழே இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம்.

நம் வீடுகளில் முதல் சந்தேகம் பாலின் மேல் விழ வேண்டும். தாயைப் பிரிந்து வந்த பச்சைக் குட்டிக்குப் பாலூற்றாமல் இருக்க யாருக்கும் மனம் வராது. அந்தப் பாசத்தில் குறையில்லை, பால்தான் வேறு. நாய்ப்பால் மிகவும் கெட்டியானது. 100 கிராமில் கொழுப்பு சுமார் 9 கிராம், புரதம் ஏழெட்டு கிராம், லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை 3 முதல் 4 கிராம். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் அதில் பாதிகூட இல்லை. லாக்டோஸோ ஏறக்குறைய 5 கிராம். தாய்ப்பாலில் கிடைத்த அதே சக்தி வேண்டுமானால் குட்டி பசும்பாலை இரண்டு மடங்கு குடித்தாக வேண்டும். அப்போது 3, 4 கிராம் போக வேண்டிய இடத்தில் 10 கிராம் லாக்டோஸ் போகிறது. எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்றாலும் லாக்டோஸ் விஷயத்தில் அதுவும் பசும்பாலைப் போலத்தான்.

இந்தச் சர்க்கரையை உடைப்பது லாக்டேஸ் என்ற நொதி. பிறந்த குட்டியின் சிறுகுடலில் அது தாராளமாக இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் குட்டி திட உணவை நக்கத் தொடங்கி, ஏழெட்டு வாரத்தில் தாய்ப்பாலை மறக்கும். அந்த நாட்களில் லாக்டேஸும் படிப்படியாகக் குறைகிறது. சரியாக அந்த வயதில்தான் குட்டி நம் வீட்டுக்கு வருகிறது, நாமும் கிண்ணம் நிறையப் பால் வைக்கிறோம். உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலில் பாக்டீரியாக்களுக்கு விருந்தாகி வாயுவாக மாறுகிறது. போகிற வழியில் தண்ணீரையும் இழுத்துக்கொள்வதால் மலம் இளகிப் போகிறது. வாயுவும் இளகிய மலமும் சேர்ந்து வந்தால் பாலை நிறுத்திப் பாருங்கள். காரணம் பால்தான் என்றால் இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரிந்துவிடும். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பால் அவசியமே இல்லை. எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருந்தால் போதும். ஆசைக்கு ஒரு கரண்டி தயிர் கொடுக்கலாம். உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை அமிலமாக மாற்றிவிடுவதால் பெரும்பாலான குட்டிகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன.

நான்கு, ஐந்து வாரக் குட்டியை வாங்கி வருகிறவர்கள் இன்னும் உண்டு. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. சீக்கிரம் பிரிக்கப்படும் குட்டிதான் வயிற்றுத் தொல்லைகளோடு வருகிறது. அப்படி ஒன்று தாயில்லாமல் உங்கள் கைக்கு வந்துவிட்டால், தண்ணீர் கலந்த பசும்பால் அதற்குத் தீர்வல்ல. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சோறு பாவமா என்றால், இல்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழு 2013இல் ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் நாய்களுடையதையும் ஒப்பிட்டு, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளாகவும் நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரையும் இருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ வந்த பிறகு நாய் மாவுச்சத்தைத் தின்னக் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. குழைய வேகவைத்த சோறு நாய்க்குச் செரிக்கும். பருப்பு அப்படியல்ல. பயறு, பருப்பு, சோயாவில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகளை உடைக்கும் நொதி நமக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை. அவை முழுசாகப் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகின்றன. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கியும் இந்த வரிசையில் சேரும். பருப்புச் சோறு தின்னும் குட்டிக்கு வாயு வருவதில் வியப்பில்லை.

என்ன தின்கிறது என்பதோடு எப்படித் தின்கிறது என்பதையும் கவனியுங்கள். உடன்பிறந்த ஆறேழு குட்டிகளோடு முண்டியடித்துத் தின்று பழகியது, தனியாக வந்த பிறகும் அதே வேகத்தில் விழுங்கும். பக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு இனங்கள் மூச்சுக்காகவும் சேர்த்துக் காற்றை விழுங்குகின்றன. ஆழமான கிண்ணத்தை விட்டு அகலமான தட்டில் உணவைப் பரப்பி வையுங்கள். அல்லது குட்டியின் வாய்க்குள் போகவே முடியாத பெரிய, வழவழப்பான கல்லொன்றைக் கழுவி நடுவில் வையுங்கள். மூன்று மாதம் வரை ஒரு நாள் உணவை நான்கு வேளையாகவும், ஆறு மாதம் வரை மூன்று வேளையாகவும் பிரித்துக் கொடுப்பது நல்லது. வீட்டில் வேறு நாய் இருந்தால் குட்டிக்குத் தனி இடத்தில் வைக்க வேண்டும்.

குட்டி வாங்கும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி, அது இதுவரை என்ன தின்றது என்பது. வந்த அன்றே உணவை மாற்றினால் குடலின் பாக்டீரியாக் கூட்டம் தடுமாறும். பழைய உணவைத் தொடர்ந்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள். வாயுவுக்குப் பயந்து மாதக் கணக்கில் வெறும் சோறும் வேகவைத்த கோழியும் மட்டும் கொடுப்பதும் தவறுதான். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. வளரும் எலும்புக்கு அது கிடைக்காமல் போனால் கால்கள் வளைந்துவிடும். வயிறு சரியாக இரண்டு மூன்று நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் குட்டிகளுக்கான முழுமையான உணவுக்குத் திரும்ப வேண்டும்.

இதற்கு மேல் என்னை அஞ்ச வைப்பது கைவைத்தியம்தான். வாயு என்றால் பூண்டுப் பால் என்பது நம் வீட்டு மருத்துவம். நாய்க்கு அது இரட்டைக் கேடு. பாலின் கதையைப் பார்த்தோம். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். விளைவு உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுக்கும்போதுதான் தெரியும். சின்ன உடம்புக்குச் சின்ன அளவே அதிகம் என்பதால் வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோறும் வேண்டாம். குழந்தைக்கு வாங்கிய வயிற்று மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரையில்லாத மருந்துகளிலும் பிற பொருட்களிலும் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. கரி மாத்திரை பற்றிச் சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தின் வால்தம் ஆய்வு மையத்தினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் பின்புறத்தில் கருவி பொருத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை அளந்தார்கள். பதப்படுத்திய கரி, யக்கா செடிச் சாறு, துத்தநாக அசிடேட் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது நாற்றம் குறைந்தது. குறைந்தது நாற்றம்தான்; காரணம் உள்ளே அப்படியே இருக்கும். தவிர, கரி மற்ற மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளும். வளரும் குட்டிக்கு அதை நாமாகக் கொடுக்க வேண்டாம்.

வெளியே வரும் காற்று ஆபத்தில்லை, வராமல் அடைபட்ட காற்றுதான் ஆபத்து. வயிறு கொட்டு போல விம்மி இறுகி, குட்டி ஓக்காளித்தும் எதுவும் வெளிவராமல், எச்சில் வடித்து நிலைகொள்ளாமல் தவித்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். தடுப்பூசி முடியாத குட்டி சோர்ந்து, வாந்தி எடுத்து, இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸாக இருக்கலாம். அதுவும் அதே அளவு அவசரம்.

வயிற்றுப் பூச்சி இப்படி அவசரப்படுத்தாது, ஆனால் மறந்துவிட்டால் விடாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பிய குட்டியைக் கண்டு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று மகிழ்கிறோம். பெரும்பாலும் அது உருண்டைப்புழு. இந்தப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் நுழைந்துவிடுகிறது. பால் வழியாகவும் வருகிறது. வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த குட்டிக்கும் புழு இருப்பதற்கு இதுதான் காரணம். கொக்கிப்புழு பால் வழியே வந்து இரத்தத்தைக் குடிக்கும். ஜியார்டியா என்னும் நுண்ணுயிரி அசுத்தமான தண்ணீரில் வந்து, நாற்றமெடுக்கும் இளகிய மலத்தையும் வாயுவையும் உண்டாக்கும். அதற்குச் சாதாரணப் பூச்சி மருந்து எல்லாம் கேட்காது. அதனால் காலையில் போட்ட மலத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் போய்ப் பரிசோதிப்பது நல்லது. பூச்சி மருந்து இரண்டாவது வாரத்தில் தொடங்கி, 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை தேவை. மருந்து குடலில் உள்ள புழுவைக் கொல்லும், தசையிலும் நுரையீரலிலும் திரியும் இளம்புழுவுக்கு எட்டாது. அதனால்தான் ஒருமுறை கொடுத்து நிறுத்திவிடக் கூடாது.

உருண்டைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் தொற்றும் தன்மை பெறுகின்றன. மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை போனால் கண் பார்வையைக்கூடப் பாதிக்கும். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள், குழந்தைகளுக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள், பூச்சி மருந்து கொடுத்த தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்து வையுங்கள்.